உங்களுக்கு ஏற்கெனவே கொஞ்சம் ஜப்பான் மொழி தெரியும்!



"உனக்கு ஜப்பான் மொழி தெரியுமா?" என்று யாராவது கேட்டால் என்ன சொல்வீர்கள்? "ஐயையோ! ஒரு எழுத்துகூடத் தெரியாது" என்றுதானே? அப்படிச் சொல்லாதீர்கள். உங்களுக்குக் கொஞ்சம் தெரியும். நம்பவில்லையா? வாருங்கள், பார்ப்போம்.

2004 டிசம்பர் 26 அன்று நம் கடற்கரைகளைத் தாக்கிய பேரலையை என்ன பெயரால் சொல்கிறோம்? சுனாமி. அது ஜப்பானியச் சொல். 'த்ஸு' என்றால் துறைமுகம்; 'நமி' என்றால் அலை. இரண்டும் சேர்ந்தால் 'துறைமுக அலை'.

மாலையில் கற்றுக்கொள்ளப் போகிறீர்களே, கராத்தே? 'கர' என்றால் வெறுமை. 'தெ' என்றால் கை. ஆயுதம் இல்லாமல் வெறுங்கையால் செய்யும் தற்காப்புக் கலை அது. காகிதத்தில் கொக்கு செய்யும் ஓரிகாமியில் 'ஒரி' என்பது மடிப்பு. 'கமி' என்பது காகிதம். செல்போனில் அனுப்பும் சிரித்த முகப் படம் எமோஜி. அதில் 'எ' என்றால் படம். 'மொஜி' என்றால் எழுத்து. ரிக்‌ஷாகூட அங்கிருந்து வந்ததுதான். 'ஜின்-ரிகி-ஷ' என்ற சொல்லின் வால் அது. மனிதன், ஆற்றல், வண்டி என்று மூன்று சொற்கள் அதற்குள் இருக்கின்றன.

சொற்கள் தெரிந்தால் மட்டும் போதுமா? வாக்கியம் அமைக்க வேண்டாமா? அந்த இலக்கணத்திலும் பாதி உங்களுக்குத் தெரியும். எப்படி என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலில் உச்சரிப்பு

ஜப்பானியச் சொற்களை இங்கே தமிழ் எழுத்தில் தருகிறேன். க, த, ப ஆகியவை எங்கே வந்தாலும் 'கப்பல்', 'தட்டு', 'படம்' என்பவற்றில் வருவது போல வன்மையாகச் சொல்லுங்கள். 'தங்கம்', 'பந்து', 'அம்பு' ஆகிய சொற்களின் நடுவில் வருவது போன்ற மெல்லிய ஒலி வந்தால் பக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

தமிழில் இரண்டு ஒலிக்கும் ஒரே 'க'தான். ஜப்பானியர் என்ன செய்கிறார்கள் தெரியுமா? மெல்லிய ஒலி வேண்டுமானால் எழுத்தின் வலது மேல் மூலையில் இரண்டு குட்டிக் கோடுகள் போட்டுவிடுகிறார்கள். 'கரதெ'யின் 'க'வுக்கு இரண்டு கோடு போட்டால் 'தங்க'த்தின் 'க' வந்துவிடும். நல்ல யோசனை அல்லவா?

குறில், நெடில் கவனம்! 'ஒஜிஸன்' என்றால் மாமா. 'ஒஜீஸன்' என்றால் தாத்தா. ஒரு நெடில் மாறினால் மாமா தாத்தா ஆகிவிடுவார்! 'படம்', 'பாடம்' வேறுபாடு தெரிந்த நமக்கு இது கடினமே இல்லை.

அவர்களுடைய 'அ, ஆ'

ஜப்பானிய உயிர் எழுத்துகள் ஐந்து: அ, இ, உ, எ, ஒ. நம் வரிசையில் நெடிலையும் ஐகார ஔகாரத்தையும் நீக்கிப் பாருங்கள். அதே ஐந்து, அதே வரிசை! பிறகு வரும் எழுத்து வரிசைகள்: க, ஸ, த, ந, ஹ, ம, ய, ர, வ. நம்முடையது க, ச, த, ந, ப, ம, ய, ர, வ என்று போகும். 'ப' இருக்க வேண்டிய இடத்தில் 'ஹ' இருக்கிறது, அவ்வளவுதான். பழங்காலத்தில் அதுவும் 'ப' என்றே ஒலித்தது என்கிறார்கள் மொழி அறிஞர்கள். நம் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு' ஆனது போல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த ஒற்றுமைக்குக் காரணம் இருக்கிறது. புத்த சமயத்தோடு இந்திய எழுத்து முறை பற்றிய அறிவும் ஜப்பானுக்குப் போனது. அங்கிருந்த துறவிகள் வடமொழி எழுத்துகளைப் படித்தார்கள். அந்த அறிவிலிருந்தே தங்கள் எழுத்துகளை இப்படி வரிசைப்படுத்தினார்கள்.

ஜப்பானியர் மூன்று வகை எழுத்துகளைக் கலந்து எழுதுகிறார்கள்.

1. ஹிரகன ('க' மெலிந்து வரும்): 46 அடிப்படை எழுத்துகள். அவர்களுடைய குழந்தைகள் முதலில் படிப்பது இதைத்தான்.

2. கதகன: இதிலும் 46. வெளிநாட்டுச் சொற்களையும் பெயர்களையும் எழுத இது உதவும். உங்கள் பெயரையும் இதில்தான் எழுதுவார்கள். ஆனால் அங்கே 'ல' கிடையாது. லதா 'ரதா' ஆகிவிடுவாள். 'ன்' தவிர வேறு மெய்யில் சொல் முடியாது. அதனால் கார்த்திக் 'காருதிகு' ஆவான். சிரிக்காதீர்கள்! நாமும் 'பஸ்'ஸைப் 'பஸ்ஸு' என்றுதானே சொல்கிறோம்? அவர்களும் 'பஸு' ('ப' மெலிந்து வரும்) என்கிறார்கள்.

3. கன்ஜி: சீனாவிலிருந்து வந்த எழுத்துகள். ஒவ்வொன்றும் ஒரு பொருளைக் காட்டும். மூன்று சிகரம் போன்ற எழுத்து 'யம', அதாவது மலை. ஓடும் மூன்று கோடுகள் 'கவ', அதாவது ஆறு. கிளை விரித்து நிற்கும் எழுத்து 'கி', மரம். இரண்டு மரங்களைப் பக்கத்தில் போட்டால் 'ஹயஷி', தோப்பு. மூன்று போட்டால் 'மொரி', காடு! மரத்தின் அடியில் ஒரு சிறு கோடு கிழித்தால் 'ஹொன்'. வேர், மூலம் என்று பொருள். புத்தகத்துக்கும் அதே எழுத்துதான்.

ஜப்பானியப் பிள்ளைகள் முதல் வகுப்பில் 80 கன்ஜி படிக்கிறார்கள். ஆறாம் வகுப்பு முடிவதற்குள் 1,026 படிக்க வேண்டும். அன்றாடப் பயன்பாட்டுக்கென்று அரசு 2010இல் வெளியிட்ட பட்டியலில் 2,136 இருக்கின்றன. நம் 247 எழுத்துகளைப் பார்த்து அலுத்துக்கொண்டவர்கள் யார் யார்? கையைத் தூக்குங்கள் பார்ப்போம்!

வினைச்சொல் எங்கே நிற்கும்?

இப்போது வாக்கியத்துக்கு வருவோம். 'நான் புத்தகத்தைப் படிக்கிறேன்' என்பதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வோம்? 'ஐ ரீட் எ புக்'. 'படிக்கிறேன்' நடுவுக்கு ஓடிவிடுகிறது. ஆங்கிலத்தில் நாம் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஜப்பானிய மொழியில் பாருங்கள்:

வதஷி வ / ஹொன் ஒ / யொமிமஸ்.
நான் / புத்தகத்தை / படிக்கிறேன்.

ஒரு சொல்கூட இடம் மாறவில்லை! தமிழில் போலவே அங்கேயும் வினைச்சொல் கடைசியில்தான் உட்காரும்.

'வதஷி' என்றால் நான். அதன் பின்னால் வரும் 'வ', 'இவரைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்' என்று காட்டுகிறது. 'யொமிமஸ்' என்பதன் கடைசி எழுத்து 'ஸு'. ஆனால் அந்த உகரம் காதில் விழாத அளவுக்குத் தேய்ந்துவிடும். சரி, 'ஹொன்' என்பதற்குப் பின்னால் ஒரு குட்டி 'ஒ' நிற்கிறதே, அது என்ன? அதுதான் அடுத்த பாடம்.

வேற்றுமை உருபு கைகொடுக்கும்

நான் வகுப்பில் வேற்றுமை உருபுகளை நடத்தும்போது, ஏதாவது ஒரு பிள்ளை எழுந்து, "டீச்சர், இதைப் படித்து என்ன பயன்?" என்று கேட்காமல் இருக்காது. நியாயமான கேள்விதான். பேசும்போது யாரும் உருபை எண்ணிக்கொண்டு பேசுவதில்லையே! ஆனால் இன்னொரு மொழியைப் படிக்கும்போது அந்தப் பாடம் நமக்குச் சாவியாகிவிடும். பாருங்கள்:

ஐ — ஒ. ஹொன் ஒ: புத்தகத்தை.
ஆல் — தெ (மெலிந்து வரும்). என்பித்ஸு தெ: பென்சிலால்.
ஓடு — தொ. ஹஹ தொ: அம்மாவோடு.
கு — நி. கக்கோ நி (முதல் 'க' மெலிந்து வரும்): பள்ளிக்கு.
இருந்து — கர. இந்தொ கர ('தொ' மெலிந்து வரும்): இந்தியாவிலிருந்து.
உடைய — நொ. வதஷி நொ: என்னுடைய.
இல் — தெ அல்லது நி. ஒரு செயல் நடக்கும் இடமானால் 'தெ'. ஒன்று இருக்கும் இடமானால் 'நி'.

நம் உருபு பெயர்ச்சொல்லின் பின்னால் ஒட்டுவது போலவே இவையும் பெயர்ச்சொல்லின் பின்னால்தான் வரும். ஆங்கிலத்தில் 'டு ஸ்கூல்' என்று முன்னால் வருகிறதே, அப்படி அல்ல. இன்னொரு வசதியும் உண்டு. தமிழில் 'மரம்' என்பது உருபு சேர்ந்தால் 'மரத்தை' என்று மாறும். ஜப்பானிய மொழியில் பெயர்ச்சொல் மாறவே மாறாது. 'கி ஒ', 'கி நி', 'கி கர' என்று அப்படியே இருக்கும்.

'ஹஹ' என்று சிரிப்பது போல வருகிறதே என்று பார்க்கிறீர்களா? தன் அம்மாவைப் பற்றிப் பிறரிடம் பேசும்போது அப்படித்தான் சொல்வார்கள். வீட்டில் கூப்பிடும்போது 'ஒகாஸன்' என்பார்கள்.

இப்போது ஒரு நீளமான வாக்கியம்:

வதஷி வ / ஹஹ தொ / பஸு தெ / கக்கோ நி / இகிமஸ்.
நான் / அம்மாவோடு / பஸ்ஸில் / பள்ளிக்கு / போகிறேன்.

ஐந்து துண்டுகள். ஐந்தும் நம் வரிசையிலேயே! ஜப்பானிய மொழியைத் தொடங்கிய பத்தாவது நிமிடத்தில் இவ்வளவு பெரிய வாக்கியம் சொல்லிவிட்டீர்கள்.

இது, உது, அது, எது

'கொரெ' என்றால் இது. என் பக்கத்தில் இருப்பது. 'அரெ' என்றால் அது. இருவருக்கும் தூரத்தில் இருப்பது. 'தொரெ' (மெலிந்து வரும்) என்றால் எது. இவற்றுக்கு நடுவில் 'ஸொரெ' என்று ஒன்று இருக்கிறது. கேட்பவரின் பக்கத்தில் இருப்பதை அது சுட்டும்.

சுட்டெழுத்துகள் எத்தனை என்று கேட்டால் 'அ, இ, உ' என்று மூன்று சொல்வீர்கள். ஆனால் 'உ'வை நாம் பேச்சில் விட்டுவிட்டோம். யாழ்ப்பாணத்தில் விடவில்லை. 'உது', 'உவன்', 'உங்கை' என்று இன்றும் பேசுகிறார்கள். கேட்பவரின் பக்கத்தில் இருப்பதை அவர்கள் 'உது' என்பார்கள். அந்த 'உது'தான் ஜப்பானியரின் 'ஸொரெ'.

இங்கே, உங்கே, அங்கே, எங்கே என்பவையும் அதே முறையில்தான்: கொகொ, ஸொகொ, அஸொகொ, தொகொ (முதல் 'தொ' மெலிந்து வரும்).

கேள்வி கேட்பது எப்படி?

கொரெ வ ஹொன் தெஸ். (இது புத்தகம்.)
கொரெ வ ஹொன் தெஸ் க. (இது புத்தகமா?)

'தெஸ்' என்பதில் 'த' மெலிந்து வரும். 'ஆகும்' என்பது போன்ற சொல் அது. கேள்வியாக்க வேண்டுமா? கடைசியில் ஒரு 'க' சேர்த்தால் போதும். நாம் கடைசியில் 'ஆ' சேர்க்கிறோமே, அதே வேலை! 'க' வந்தாலே கேள்வி என்று தெரிந்துவிடும். கேள்விக்குறி போட வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஒரு சிறு வேறுபாடு மட்டும் உண்டு. நாம் 'இது என்ன?' என்று கேட்கும்போது 'ஆ' சேர்ப்பதில்லை. அவர்கள் அங்கேயும் 'க' போடுவார்கள்: கொரெ வ நன் தெஸ் க. இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே நூறு சொற்களைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

எழுதிப் பார்!

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. 'எழுதிப் பார்', 'சாப்பிட்டுப் பார்' என்கிறோம். இங்கே 'பார்' என்றால் கண்ணால் பார்ப்பதா? இல்லையே! முயன்று பார்ப்பது. ஜப்பானியரும் அப்படியே சொல்கிறார்கள். 'மிமஸ்' என்றால் பார்க்கிறேன். 'கைதெ' என்றால் எழுதி. 'கைதெ மிமஸ்' என்றால் எழுதிப் பார்க்கிறேன்! 'தபெதெ மிமஸ்' ('பெ' மெலிந்து வரும்) என்றால் சாப்பிட்டுப் பார்க்கிறேன்!

வீட்டை விட்டுக் கிளம்பும்போது 'போகிறேன்' என்றால் பாட்டி கோபித்துக்கொள்வார், இல்லையா? 'போய் வருகிறேன் என்று சொல்' என்பார். ஜப்பானியப் பிள்ளைகள் கிளம்பும்போது சொல்வது 'இத்தெகிமஸ்'. 'இத்தெ' என்றால் போய். 'கிமஸ்' என்றால் வருகிறேன். வீட்டிலிருப்பவர்கள் 'இத்தெரஷ்ஷை' என்பார்கள். போய் வா என்று பொருள்!

பத்து எண்கள், 99 வரை

1 இச்சி, 2 நி, 3 ஸன், 4 யொன், 5 கொ (மெலிந்து வரும்), 6 ரொகு, 7 நன, 8 ஹச்சி, 9 க்யூ, 10 ஜூ.

இந்தப் பத்தும் தெரிந்தால் 99 வரை எண்ணலாம். 11 என்றால் 'ஜூ இச்சி', பத்து ஒன்று. 20 என்றால் 'நி ஜூ', இரண்டு பத்து. நம் இருபதும் இரு பத்துதானே! தமிழில் ஒன்பது பத்து வரும்போது 'தொண்ணூறு' என்று பெயர் மாறிவிடும். அங்கே மாறாது, 'க்யூ ஜூ'தான். நூறு 'ஹ்யகு'.

4க்கு 'ஷி' என்றும் ஒரு பெயர் உண்டு. ஆனால் 'சாவு' என்ற சொல்லும் அதே ஒலிதான். அதனால் பல இடங்களில் 'யொன்' என்றே சொல்வார்கள்.

வேறுபாடுகளும் உண்டு

எல்லாமே தமிழ் போல என்று நினைத்துவிடாதீர்கள். படிக்கிறேன், படிக்கிறாய், படிக்கிறான், படிக்கிறாள் என்று நாம் மாற்றிக்கொண்டே போகிறோம். ஜப்பானியத்தில் எல்லோருக்கும் ஒரே 'யொமிமஸ்'தான். 'படிப்பேன்' என்பதற்கும் அதுவே! மனப்பாடம் செய்ய வேண்டியவை மூன்று மாற்றங்களே:

யொமிமஸென்: படிப்பதில்லை.
யொமிமஷித: படித்தேன்.
யொமிமஸென் தெஷித ('தெ' மெலிந்து வரும்): படிக்கவில்லை.

இவை நமக்குச் சுலபம். கடினமானவையும் இருக்கின்றன. ஆட்களை எண்ணும்போது நாம் 'ஒருவர், இருவர், மூவர்' என்போம். அவர்களும் 'ஹிதொரி, ஃபுதரி, ஸன்னின்' என்பார்கள். ஆனால் அதோடு விடமாட்டார்கள். பென்சில் போன்ற நீண்ட பொருளுக்கு ஒரு எண்ணும் சொல், தாள் போன்ற தட்டையான பொருளுக்கு ஒரு எண்ணும் சொல் என்று அந்தப் பட்டியல் நீளும். கன்ஜியைப் பற்றி முன்பே சொன்னேன். அதற்குக் குறுக்கு வழி கிடையாது. எழுதி எழுதித்தான் வரவேண்டும்.

அப்படியானால் தமிழும் ஜப்பானியமும் உறவா?

இந்தக் கேள்வி உங்களுக்கு வந்திருக்கும். ஸுஸுமு ஓனோ (1919 - 2008) என்ற ஜப்பானிய அறிஞருக்கும் வந்தது. இரண்டு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று அவர் பல ஆண்டுகள் ஆராய்ந்து நூல்கள் எழுதினார். யாழ்ப்பாணத் தமிழறிஞர்களான அ. சண்முகதாசும் மனோன்மணி சண்முகதாசும் அவரோடு சேர்ந்து ஆராய்ந்தார்கள். ஆனால் பெரும்பாலான மொழியியல் அறிஞர்கள் அந்தக் கருத்தை ஏற்கவில்லை. வினை கடைசியில் வரும் மொழிகள் உலகில் ஏராளம். கொரிய மொழி, துருக்கிய மொழி, இந்தி எல்லாம் அப்படித்தான். முகச்சாயல் ஒன்றாக இருப்பதால் மட்டும் இருவர் அண்ணன் தம்பி ஆகிவிட மாட்டார்கள் அல்லவா?

உறவு இல்லாவிட்டால் என்ன? சாயல் இருப்பதே நமக்குப் போதும். 'எனக்கு வேறு மொழி வராது' என்று பயப்படும் பிள்ளைகள் பலரைப் பார்த்திருக்கிறேன். தாய்மொழியின் இலக்கணத்தைப் புரிந்து படித்தவருக்கு அந்தப் பயம் வேண்டியதில்லை. புது மொழி வரும்போது, 'இது நம் ஐகாரம் போல, இது நம் வினையெச்சம் போல' என்று பிடித்துக்கொள்ள ஒரு கை இருக்கும். வேறுபடும் இடமும் சட்டென்று தெரிந்துவிடும்.

வாழ்த்துச் சொற்கள் ஐந்து

ஒஹயோ கொஸைமஸ் ('கொ' மெலிந்து வரும்): காலை வணக்கம்.
கொன்னிச்சிவ: பகல் வணக்கம்.
கொன்பன்வ ('ப' மெலிந்து வரும்): மாலை வணக்கம்.
அரிகதோ கொஸைமஸ் (அரிகதோவின் 'க'வும் 'கொ'வும் மெலிந்து வரும்): நன்றி.
ஸுமிமஸென்: மன்னிக்கவும்.

பிறர் பெயரோடு 'ஸன்' சேர்த்து மரியாதையாகச் சொல்லுங்கள்: மீனா-ஸன். உங்கள் பெயரோடு நீங்களே சேர்த்துக்கொள்ளக் கூடாது!

எப்படித் தொடங்கலாம்?

ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு ஐந்து ஹிரகன எழுத்துகள் எழுதினால், பத்து நாளில் 46ம் முடிந்துவிடும். வீட்டிலுள்ள பொருள்களின் பெயரைத் தினம் மூன்று கற்று, 'கொரெ வ...' என்று தொடங்கி வாக்கியம் சொல்லுங்கள். ஆர்வம் வளர்ந்தால் ஜப்பானிய மொழித் திறன் தேர்வு எழுதலாம். அதில் ஐந்து நிலைகள். தொடக்க நிலையின் பெயர் 'என்5'. சென்னையிலும் இத்தேர்வு நடக்கிறது.

நீங்களே செய்யுங்கள்!

ஜப்பானிய மொழியில் சொல்லுங்கள். ('நொமிமஸ்' குடிக்கிறேன்; 'ஒச்ச' தேநீர்.)

1. நான் தேநீரைக் குடிக்கிறேன்.
2. அது மலையா?
3. என்னுடைய புத்தகம்.
4. பள்ளிக்குப் போவதில்லை.
5. முப்பத்தேழு.

விடைகள்: 1. வதஷி வ ஒச்ச ஒ நொமிமஸ். 2. அரெ வ யம தெஸ் க. 3. வதஷி நொ ஹொன். 4. கக்கோ நி இகிமஸென். 5. ஸன் ஜூ நன.

எத்தனை சரி? ஐந்தும் சரியென்றால் தமிழ் இலக்கணத்திலும் நீங்கள் கெட்டிதான்! இரண்டு தவறா? பரவாயில்லை, மேலே போய் மறுபடி படித்துப் பாருங்கள். 'படித்துப் பார்' என்பதும் ஜப்பானியரிடம் உண்டு: யொன்தெ மிமஸ் ('தெ' மெலிந்து வரும்).

'கன்பத்தெ!' ('க'வும் 'ப'வும் மெலிந்து வரும்.) தேர்வுக்குப் போகும் பிள்ளையிடமும் ஓட்டப் பந்தயத்தில் ஓடும் பிள்ளையிடமும் ஜப்பானியர் சொல்லும் சொல் இது. 'விடாமல் முயற்சி செய்!' என்று பொருள். உங்களுக்கும் அதையே சொல்கிறேன். கன்பத்தெ, குழந்தைகளே!